அத்தியாயம் 9: மென்பொருள் எழுதும் மின்னஞ்சலைச் சோதித்தல்

மென்பொருள் தானாக அனுப்பும் மின்னஞ்சலை, அதை எழுதிய குழுவில் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. திரையில் ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தால் அன்றைக்கே யாராவது சொல்லிவிடுவார்கள். இரவில் போகும் ஒப்புகை அஞ்சலில் விண்ணப்ப எண் விடுபட்டிருந்தால் அது தெரியவர வாரக்கணக்காகும். அதற்குள் சில ஆயிரம் பேருக்கு அஞ்சல் போய்ச் சேர்ந்திருக்கும். வலைப்பக்கத்தில் உள்ள பிழையைத் திருத்திவிட்டு மறந்துவிடலாம். அனுப்பிவிட்ட அஞ்சலைத் திருத்த வழியில்லை. மன்னிப்புக் கேட்டு இன்னொரு அஞ்சல் அனுப்பலாம், அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன்பே, மனிதர் கண் படாமலே, ஒவ்வொரு முறை நிரல் மாறும்போதும் அஞ்சலைச் சோதிக்கும் ஏற்பாடு இதனால்தான் தேவைப்படுகிறது.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் நெய்வேலியே எடுத்துக்காட்டு. கடலூர் மாவட்டத்தின் இந்தச் சுரங்க நகரியத்தில் என்.எல்.சி. இந்தியா நிறுவனம், 1961ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டப்படி ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற பிரிவுகளில் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும், டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களையும் பயிற்சிக்கு எடுத்துவருகிறது. விண்ணப்பம் இணையவழியில் பதிவாகிறது. இங்கே பேசப்படுவது அந்த நிறுவனத்தின் மென்பொருளைப் பற்றி அல்ல. அத்தகைய பயிற்சிச் சேர்க்கைக்காக ஒரு சிறு குழு எழுதக்கூடிய மாதிரி மென்பொருளைப் பற்றி. அது நான்கு வகை அஞ்சல் அனுப்புகிறது: விண்ணப்ப ஒப்புகை, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு, தேர்வு முடிவு, சேர்ந்தபின் மாதாந்திர உதவித்தொகை விவரம்.

சோதனை அஞ்சல் வெளியே போகக்கூடாது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டியது இது. 2021 ஜூன் மாதம் எச்.பி.ஓ. மேக்ஸ் காணொளிச் சேவையின் சந்தாதாரர்கள் பலருக்கு, ‘ஒருங்கிணைப்புச் சோதனை மின்னஞ்சல் எண் 1’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தலைப்பில் ஒற்றை வரி அஞ்சல் ஒன்று வந்தது. பயிற்சியில் இருந்த ஒருவரின் கைப்பிசகு என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. உலகம் சிரித்துவிட்டுப் போய்விட்டது. அதே பிசகு தேர்வு முடிவு அஞ்சலில் நேர்ந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ‘நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள்’ என்ற சோதனை அஞ்சல் விருத்தாசலத்திலோ பண்ருட்டியிலோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த நாள் காலை அந்தக் குடும்பமே அலுவலக வாசலில் நிற்கும்.

தடுப்பு இரண்டு அடுக்காக இருக்கவேண்டும். முதலாவது, சோதனைத் தரவில் உண்மையான முகவரியே இருக்கக்கூடாது. இதற்கென்றே ‘டாட் டெஸ்ட்’, ‘டாட் இன்வேலிட்’, ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ ஆகிய பெயர்களை 1999இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2606 என்ற இணைய ஆவணம் ஒதுக்கிவைத்திருக்கிறது. அவற்றை யாரும் விலைக்கு வாங்க முடியாது. மனம்போன போக்கில் ‘ஏபிசி அட் ஜிமெயில் டாட் காம்’ என்று தட்டும் பழக்கம் பல குழுக்களில் உண்டு. அப்படித் தட்டும் முகவரிக்கு எங்காவது ஒரு சொந்தக்காரர் இருக்கக்கூடும். நேரடித் தளத்தின் தரவுத்தளத்தை அப்படியே சோதனைச் சர்வருக்கு நகலெடுப்பது இன்னும் மோசம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம்தருகிறது. விண்ணப்பதாரர் பட்டியல் முழுக்க முழுக்கத் தனிநபர் தரவுதான். நகலெடுத்தே ஆகவேண்டும் என்றால், நகலெடுக்கும் நிரலே முகவரி, கைப்பேசி எண், ஆதார் எண் எல்லாவற்றையும் மாற்றியெழுதிவிட வேண்டும்.

இரண்டாவது அடுக்கு, அஞ்சல் பிடிப்பான். மெயில்பிட், மெயில்ஹாக், எஸ்.எம்.டி.பி.4டெவ், ஜாவா உலகில் கிரீன்மெயில் எல்லாம் இந்த இனம். அஞ்சல் சர்வர் போலவே நடித்து, வருவதையெல்லாம் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், யாருக்கும் அனுப்பாது. மெயில்பிட் வழக்கமாக 1025ஆம் துறையில் (போர்ட்) அஞ்சலை வாங்கிக்கொண்டு, 8025ஆம் துறையில் உலாவி வழியாகக் காட்டுகிறது. சோதனை நிரல் அதனிடம் ‘இந்த முகவரிக்கு வந்ததைக் கொடு’ என்று கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். சோதனைச் சர்வரிலிருந்து 25, 465, 587 ஆகிய துறைகளுக்கு வெளியே போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்துவிடுவதும் நல்லது. அமைவுக் கோப்பில் யாராவது தவறாக ஒரு வரி மாற்றினாலும் அஞ்சல் வாசல் தாண்டாது. வழியை அடைத்த பிறகு அது உண்மையில் அடைபட்டிருக்கிறதா என்று ஒரு சோதனை எழுதிவைக்கவேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

எந்த இடத்தில் சோதிப்பது

பெரும்பாலான சோதனைகளுக்குப் பிடிப்பான்கூடத் தேவைப்படாது. ஜாங்கோவில் சோதனை ஓடும்போது அஞ்சல்கள் நினைவகத்தில் உள்ள ஓர் அவுட்பாக்ஸ் பட்டியலில் சேர்கின்றன. ரெயில்ஸிலும் லாராவெலிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் பதிவானால் ஓர் அஞ்சல், ஒரே ஓர் அஞ்சல், சரியான ஆளுக்குப் போகிறதா, பதிவு பாதியில் தோற்றால் எதுவும் போகாமல் இருக்கிறதா என்பதை அங்கேயே நொடியில் பார்த்துவிடலாம். ‘போகக்கூடாத அஞ்சல் போகவில்லை’ என்ற சோதனை, ‘போகவேண்டியது போனது’ என்பதைவிட முக்கியம். தேர்வாகாதவருக்குத் தேர்வு அஞ்சல் போகாது என்பதை நிறுவும் சோதனை இல்லாமல் இந்த மென்பொருளை வெளியிடக்கூடாது.

பைதானில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய பாடநூல்கள் சிபாரிசு செய்யும் ‘எஸ்.எம்.டி.பி.டி.’ என்ற உள்ளமைந்த தொகுதி பைதான் 3.12இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் இப்போது இருப்பது ‘ஏ.ஐ.ஓ.எஸ்.எம்.டி.பி.டி.’

நினைவக அவுட்பாக்ஸ் காட்டுவது நிரலின் எண்ணத்தை மட்டுமே. கம்பி வழியே உண்மையில் என்ன போகிறது என்பது அங்கே தெரியாது. தமிழ் அஞ்சலைப் பொறுத்தவரை வில்லங்கமெல்லாம் கம்பியில்தான் இருக்கிறது. ஆகவே, வகைக்கு ஓர் அஞ்சலையாவது பிடிப்பானுக்கு அனுப்பி, அதன் மூல வடிவத்தை எடுத்துச் சோதிக்கவேண்டும்.

தமிழ்த் தலைப்பு உடையும் இடம்

மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து உருவானது. தமிழ் அதில் பயணிக்க ஆர்.எஃப்.சி. 2047 சொல்லும் குறியீட்டு உறை தேவை. ஓர் உறையின் நீளம் 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. யு.டி.எஃப்.-8, பேஸ்64 என்று அறிவிக்கும் முன்பகுதிக்கு 10, மூடும் குறிக்கு 2 போனால், மிச்சம் 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் நகரும் என்பதால் பயன்படுவது 60. அதற்குள் 45 பைட்டுகள் அடங்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக, ஓர் உறைக்குள் 15 குறியீடுகள்தான்.

நெய்வேலியில் எந்த அறிவிப்பிலும் வரக்கூடிய ‘பழுப்பு நிலக்கரி’ என்ற இரு சொற்களை எண்ணிப் பார்க்கலாம். ‘பழுப்பு’ என்பதில் ப, ழ, உகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என 7 குறியீடுகள், 21 பைட். இடைவெளிக்கு 1. ‘நிலக்கரி’யில் 8 குறியீடுகள், 24 பைட். மொத்தம் 46. ஒரே ஒரு பைட் மிஞ்சுகிறது. முழுத் தலைப்பையும் பேஸ்64 ஆக்கிவிட்டு 60 எழுத்துக்கு ஒரு வெட்டு என்று கண்மூடித்தனமாக நறுக்கும் நிரலில், கடைசி இகரக் குறியின் முதல் இரண்டு பைட் ஓர் உறையிலும் மூன்றாவது பைட் அடுத்த உறையிலும் போய் விழும். ஓர் எழுத்தை இரண்டு உறைகளுக்குப் பங்கிடக்கூடாது என்று அந்த ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. விதி மீறப்பட்டால் சில அஞ்சல் செயலிகள் உறைகளை ஒட்டியபின் படித்துச் சமாளித்துவிடும். வேறு சிலவற்றில் ‘நிலக்கர’ என்று நின்று, பக்கத்தில் கேள்விக்குறி பொதிந்த கறுப்புக் கட்டம் தெரியும். எழுதியவரின் இன்பாக்ஸில் சரியாகத் தெரிந்து, வாங்கியவரின் இன்பாக்ஸில் சிதைந்து நிற்கும் குறை இப்படித்தான் பிறக்கிறது.

தரமான நூலகங்கள் இதைச் சரியாகவே கையாளுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி, அப்படியே ஒட்டி ஒட்டி வந்துகொண்டிருக்கும் சொந்தச் செயல்கூறுகளில்தான் பிழை தங்கியிருக்கும். சோதனை எளிது: மூல அஞ்சலின் தலைப்பில் உள்ள உறைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பிரித்துப் படிக்கவேண்டும். ஏதாவது ஓர் உறை தனியாகப் படிக்க முடியாமல் போனால் சோதனை தோற்கவேண்டும். சோதனைத் தலைப்பாக ‘பழுப்பு நிலக்கரி’யையே வைத்துக்கொள்ளலாம், எல்லையில் சரியாக உட்காரும் சொல் வேறு தேட வேண்டியதில்லை.

ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல் வரும். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறுவதால், எதிர்பார்த்த உரையும் வந்த உரையும் அச்சு அசலாக ஒன்றாகத் தெரிந்தும் சோதனை தோற்கும். இரண்டையும் ஒருங்குறியின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றியபின் ஒப்பிட்டால் பிரச்சினை தீரும்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கே உரிய வினை ஒன்றும் இருக்கிறது. அறிவிப்பின் வாசகம் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து வேர்டு கோப்பாக வரும். அது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால், டெம்ப்ளேட்டில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பையாகிவிடும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. தமிழ் டெம்ப்ளேட்டில் தமிழ் எழுத்துகளின் விகிதம் ஓர் அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்கும் சோதனையை எழுத அரை மணி நேரம் போதும்.

உள்ளடக்கம்

பெயரில் தொடங்கவேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவங்கள் தமிழ்ப் பெயர்களைப் படுத்தும் பாடு தெரிந்ததே. இனிஷியலைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டவருக்கு ‘அன்புள்ள கே’ என்று கடிதம் போகும். நெய்வேலியில் சோதனைப் பெயருக்குத் தொலைவு போக வேண்டாம். 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட, பழுப்பு நிலக்கரி இருப்பது தெரியவரக் காரணமாக இருந்த டி.எம். ஜம்புலிங்க முதலியாரின் பெயரே போதும். இரண்டு இனிஷியல், நடுவில் புள்ளிகள், நீண்ட இயற்பெயர், பின்னொட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பெயர் இனிஷியல் முன்னாலும், பின்னாலும், புள்ளியில்லாமலும், தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தால் விளி சரியாக அமைகிறதா என்று பார்க்கவேண்டும். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் ஒரு சோதனை. பெயருக்குள் வரிமுறிவைப் புகுத்தி, கூடவே இன்னொரு முகவரியையும் தலைப்புப் பகுதிக்குள் நுழைக்க முயல்வது பழைய தாக்குதல் முறை. அந்த உள்ளீட்டையும் பட்டியலில் சேர்த்து, அது மறுக்கப்படுகிறதா என்று பார்க்கவேண்டும்.

தொகைகளை ‘125,000’ என்று அச்சிடும் நிரலை யாரும் பிழை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இங்கே படிப்பவருக்கு அது ‘1,25,000’. ரூபாய்க் குறி 2010இல்தான் வந்தது என்பதால், பழைய எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப். இணைப்புகளில் அது வெற்றுக் கட்டமாகும். இணைப்பைத் திறந்து, அதிலுள்ள உரையைப் பிரித்தெடுத்து, தொகையையும் பெயரையும் ஒப்பிடும் சோதனை அவசியம். இணைப்பு இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும் சோதனை, 0 பைட் கோப்பையும் ‘சரி’ என்று விட்டுவிடும்.

தேதியில் நடுநிசி ஆபத்தானது. சர்வர் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். 10ஆம் தேதி நள்ளிரவு 12.30க்கு விண்ணப்பித்தவருக்கு, மாற்ற மறந்த நிரல் ‘9ஆம் தேதி மாலை 7.00’ என்று ஒப்புகை தரும். மூன்று ஷிப்ட்டிலும் வேலை நடக்கும் ஊரில் இரவு 12.30க்கு விண்ணப்பிப்பது அதிசயம் அல்ல. சோதனையில் கடிகாரத்தை நிறுத்திவைத்து, நள்ளிரவு 12.00 முதல் காலை 5.30 வரை உள்ள இடைவெளியில் ஒரு நேரத்தைக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

நிறுவனப் பெயர்களும் மாறும். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷனாகத் தொடங்கிய நிறுவனம் 2016இல் என்.எல்.சி. இந்தியா ஆயிற்று. முதலாம் அனல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. இப்படிப் பழையதாகிப்போன பெயர்களை ஒரு பட்டியலில் வைத்து, எல்லா டெம்ப்ளேட்டுகளிலும் அவை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் தேடவைக்கலாம். வரலாற்றுக் குறிப்பில் வருவதற்கு மட்டும் விலக்கு தரலாம்.

லிங்குகளை எல்லாம் பிரித்தெடுத்து, அவை சோதனைச் சர்வரையோ ‘லோக்கல்ஹோஸ்ட்’டையோ சுட்டாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கமான வேலை. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் உறுதிப்படுத்தல் லிங்குக்குத் தனிக் கவனம் வேண்டும். சில அலுவலக அஞ்சல் அமைப்புகளின் பாதுகாப்பு ஸ்கேனர், பயனர் தொடுவதற்கு முன்பே லிங்கைத் திறந்து பார்த்துவிடும். அதிலேயே லிங்க் காலாவதியாகிவிட்டால், வாங்கியவர் சொடுக்கும்போது ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வரும். பக்கத்தைத் திறப்பதால் லிங்க் தீராமல், பொத்தானை அழுத்தினால் மட்டும் தீரும்படி அமைத்து, லிங்கை இருமுறை திறந்து பார்க்கும் சோதனையையும் எழுதவேண்டும்.

ஒரே முகவரி, பல விண்ணப்பம்

ப்ரௌசிங் சென்டரில் விண்ணப்பிப்பவர்கள் பலருக்கு அங்கே வேலை செய்பவரே தம் மின்னஞ்சலைப் போட்டுக்கொடுப்பார். ஒரு முகவரிக்கு ஒரு விண்ணப்பம் என்று கட்டுப்பாடு வைத்த மென்பொருள் இங்கே முதல் நாளே முட்டிக்கொண்டு நிற்கும். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் வேறொன்று தலைதூக்கும். ஒரே அனுப்புநர், ஒரே தலைப்பு என்றால் ஜிமெயில் பல வேளைகளில் எல்லாவற்றையும் ஒரே உரையாடலாக அடுக்கிவிடும். பத்துப் பேரின் ஒப்புகை ஒன்றன் கீழ் ஒன்று மறைந்துவிடும். விண்ணப்ப எண் தலைப்பிலேயே இருக்கவேண்டும். இரண்டு விண்ணப்பங்களின் தலைப்பு ஒன்றாக இருந்தால் சோதனை தோற்கவேண்டும். தலைப்பிலோ முன்னோட்ட வரியிலோ தேர்வு முடிவு தெரியாதபடி பார்த்துக்கொள்வதும் தேவை. அந்த இன்பாக்ஸ் விண்ணப்பதாரருடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வரிசையும் மறுமுயற்சியும்

அஞ்சல் உடனே போவதில்லை. ஒரு வரிசையில் சேர்ந்து பின்னணியில் போகும். ‘ஐந்து நொடி பொறுத்துவிட்டுப் பார்’ என்று எழுதிய சோதனை சில நாள் தேறும், சில நாள் தோற்கும். கொஞ்ச நாளில் குழு அதை நம்புவதையே விட்டுவிடும். பிடிப்பானை அரை நொடிக்கு ஒருமுறை கேட்டு, வந்தவுடன் தொடர்ந்து, உச்சபட்ச நேரம் கடந்தால் மட்டும் தோற்கும்படி எழுதுவதே முறை. ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் புதிய பெறுநர் முகவரி கொடுத்தால் பழைய அஞ்சலைப் பார்த்து ஏமாற வாய்ப்பில்லை.

அஞ்சல் சர்வர் செய்தியை வாங்கிக்கொண்டபின், பதில் வருமுன் இணைப்பு அறுந்தால், வரிசை அதையே மறுபடி அனுப்பும். இரண்டு ஒப்புகை வந்தால் தொல்லை சிறிது. இரண்டு அழைப்பு இரண்டு தேதியோடு வந்தால் குழப்பம் பெரிது. பிடிப்பானை வேண்டுமென்றே பிழை தரவைத்து, மறுமுயற்சியிலும் அதே செய்தி அடையாள எண் போகிறதா என்றும், அழைப்புத் தேதி மாறாமல் இருக்கிறதா என்றும் சரிபார்க்கவேண்டும்.

பிடிப்பானுக்கு அப்பால்

இதுவரை சொன்ன எதுவும் அஞ்சல் இன்பாக்ஸில் விழுமா, ஸ்பேமில் விழுமா என்று சொல்லாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோரிடம் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்புகள் மூன்றையும் கேட்கிறது. ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்கிறது. முடிவு வெளியாகும் ஒரு நாளில் இந்த மென்பொருள் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். டி.என்.எஸ். பதிவுகளைத் தினம் ஒருமுறை தானாகப் படித்துப் பார்க்கும் சோதனையை நேரடித் தளத்துக்கே வைக்கவேண்டும். எஸ்.பி.எஃப். பதிவில் பத்துக்கு மேல் டி.என்.எஸ். தேடல் வந்தால் முழுப் பதிவுமே செல்லாததாகிவிடும். இரண்டு மூன்று அனுப்பும் சேவைகளைச் சேர்த்த இடங்களில் இது சத்தமில்லாமல் நடக்கும். இவற்றோடு ஜிமெயில், அவுட்லுக், ரெடிஃப்மெயில் போன்றவற்றில் குழுவுக்குச் சொந்தமான சில முகவரிகளுக்கு மாதிரி அஞ்சல் அனுப்பி, எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்க்கலாம். ‘டாட் இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் முகவரி ஒன்றையும் படிவத்தில் கொடுத்துப் பார்க்கவேண்டும். அஞ்சல் சர்வர் அதை ஏற்கவில்லை என்றால், விண்ணப்பிக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாங்கிவைத்துக்கொண்டு பிறகு அனுப்ப முடியாமல் போகக்கூடாது.

திரும்பிவரும் அஞ்சல்களைக் கையாளும் நிரலுக்கும் சோதனை தேவை. முகவரி இல்லை என்று நிரந்தரமாகத் திரும்பியதற்கும், பெட்டி நிரம்பியதால் தற்காலிகமாகத் திரும்பியதற்கும் மாதிரிச் செய்திகளை வைத்து, முதலாவது வந்தால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறதா என்று பார்க்கலாம்.

தோற்றத்தை மட்டும் இயந்திரத்திடம் முழுதாக ஒப்படைக்க முடியாது. அங்கீகரித்த பழைய அஞ்சலோடு புதியதை வரிக்கு வரி ஒப்பிடும் முறை, ஒரு காற்புள்ளி மாறினாலும் கத்தும். கத்திக் கத்திப் பழகிய குழு, பார்க்காமலே ‘சரி’ என்று ஏற்றுக்கொள்ளத் தொடங்கும். வாசகம், லிங்க், தொகை ஆகியவற்றை மட்டும் அந்த ஒப்பீட்டில் வைத்து, அலங்காரத்தை விட்டுவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். டெம்ப்ளேட் மாறும் ஒவ்வொரு முறையும், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் குழுவில் ஒருவர் அஞ்சலைத் திறந்து முழுவதும் படித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.